நாற்பத்தொன்றாவது விநாடிக்குப் பின்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மாண்ட்ரியல்
பிப்ரவரி 2, 2025

அன்புள்ள வல்லி,

என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை யாராலும் பிளாக் செய்ய முடியாது, அதனால் இந்தக் கடிதம். பேனா பிடித்துப் பத்து வருடம் ஆகிறது, கையெழுத்து கோழி கிண்டியது போல இருந்தால் பொறுத்துக்கொள். நீ நலமா, அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா, எல்லாம் கேட்டதாக வைத்துக்கொள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நட்சுகோ வீடியோ என் அலுவலகத்துக்கே வந்துவிட்டது. நேற்று முன்தினம் மதியச் சாப்பாட்டு மேசையில் பேனாட் தன் போனை எல்லோருக்கும் சுற்றுக்கு விட்டார். பேனாட் என் எதிர் இருக்கைக்காரர். ஹாக்கியைத் தவிர உலகத்தில் வேறு விளையாட்டு இருப்பதாகவே ஒப்புக்கொள்ளாதவர். அவர் கண் கலங்கியிருந்தது. "கோல் போட வேண்டியதுதான் பாக்கி. அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்து எதிரணிப் பெண்ணைத் தூக்கிவிடுகிறாள், பாருங்கள்" என்றார். போன் என் கைக்கு வந்தது. கடலூர் மைதானத்து மண்ணில், ரெட்டைச் சடையோடு, நாலாம் நம்பர் பனியனில், கணுக்காலைப் பிடித்துக்கொண்டு நான் கிடந்தேன். பேனாட்டுக்கு அது நான் என்று தெரியவில்லை. "பாவம் அந்தப் பெண்" என்றார். நான் தயிர்சாத டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

நட்சுகோ கால்பந்திலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஆடிய காலத்தில் ஜப்பானுக்கு வெளியே அவள் பெயர் யாருக்கும் தெரியாது, தேசிய அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. இப்போது சமையலறையில் சோறு வேகும்வரை பந்தை முழங்காலில் தட்டிக்கொண்டிருக்கிறாள், பதினெட்டு லட்சம் பேர் பார்க்கிறார்கள். எல்லாம் அந்தப் பழைய வீடியோவால் வந்த பேர். நாற்பத்தொரு விநாடி. என்னைத் தூக்கி நிறுத்துவதோடு அது நின்றுவிடுகிறது.

நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். நமக்குப் பதினேழு வயது. அழைப்புக் கோப்பை இறுதி ஆட்டம். ஜப்பான் பள்ளி அணி விருந்தாளியாக வந்திருந்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிடம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. நட்சுகோ என்னைத் தாண்டிப் போய்விட்டாள், எதிரில் நீ ஒருத்திதான் கோல் கம்பத்தில். நீ கத்தினாய்: "படு பார்கவி! கால புடிச்சிக்கிட்டு படு!" நான் அலறிக்கொண்டு விழுந்தேன். என் மேல் ஒரு விரல்கூடப் படவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள், பந்தை வெளியே உதைத்தாள், வந்து மண்டியிட்டு என் கணுக்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய அசிங்கம். காயத்துக்காக ஒருவர் பந்தை வெளியே அடித்தால் அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அது எழுதாத மரியாதை, நம் ஊர்த் தெருப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவர்கள் பந்து வரும் என்று இடுப்பில் கைவைத்து நின்றார்கள். பந்தை உள்ளே எறிய நின்றவளிடம் நீ "முன்னாடி போடுடி" என்றாய். நொண்டிக்கொண்டிருந்த நான் இடது ஓரமாக ஓடிப் பந்தை வாங்கிக் குறுக்கே கொடுத்தேன். கோல். கோப்பை.

இதைச் சொல்லிவிடலாமா என்று உன்னை ஏழு தடவை கேட்டேன், ஏழாவது தடவை பிளாக் செய்தாய். எட்டாவது தடவையாகக் கேட்கிறேன்.

உன்
பார்கவி


கடலூர்
பிப்ரவரி 25, 2025

ஏய் பார்கவி,

உன் கடிதத்தைத் தபால்காரர் மைதானத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். கனடா தபால்தலையைப் பார்த்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று பிள்ளைகள் கிளப்பிவிட்டுவிட்டார்கள். நீ எழுதியிருப்பதைப் படித்தால் கருமாதி மாதிரி இருக்கிறது.

பிளாக் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் போன் பொதுச்சொத்து. பிள்ளைகள் ஆட்ட வீடியோ பார்க்கிறேன் என்று எடுத்தால் ராத்திரிதான் திரும்பி வரும். அதில் நீ "நாம செஞ்ச துரோகம்" என்று பக்கம் பக்கமாக அனுப்பினால் நான் என்னடி செய்வேன்? இப்படித் தாளில் எழுது. படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் போட்டுவிடுகிறேன்.

நீ அங்கே தயிர்சாதத்தை மூடிவிட்டு எழுந்து போனாய். இங்கே அந்த வீடியோ என்ன செய்தது தெரியுமா? நம் கோச் நமச்சிவாயம் சார் போன பிறகு என் கைக்கு வந்த அணியில் ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள், அதுவும் மூன்று பேர் வயசுக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். போன வருடம் அந்த வீடியோ நம் ஊர் மைதானத்தில் எடுத்தது என்று தெரிந்ததும் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். இப்போது முப்பத்தினாலு பிள்ளைகள். "அந்த ஜப்பான் பொண்ணு மாதிரி பண்பா வளரட்டும் டீச்சர்" என்று தேவனாம்பட்டினத்து அம்மாக்கள் தாங்களே கொண்டுவந்து விடுகிறார்கள். மைதானத்தில் காலை ஒரு மணி நேரம் நமக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். செந்தாமரை என்று ஒரு பதிமூன்று வயசுக்காரி இருக்கிறாள், உன் இடத்தில்தான் ஆடுகிறாள். அவள் ஓடுவது அவ்வளவு அழகு.

இதையெல்லாம் நான் எங்கே கொண்டுபோய் வைக்க, நீ உண்மை பேசிவிட்டால்?

அன்றைக்கு நாம் பதினேழு வயசுக் கழுதைகள். ஒரு கோப்பைக்காகச் செய்தோம். யாரும் சாகவில்லை. யோசித்துப் பார்த்தால் நீ விழுந்ததால்தான் அவளுக்கு இந்தப் புகழ், அவள்தான் உனக்கு ஒரு சேலை எடுத்துத் தர வேண்டும்.

உறுத்தினால் ஓடு. நான் அதைத்தான் செய்கிறேன். மைதானத்தைப் பத்துச் சுற்று.

வல்லி


நோத்ர-டாம்-த-கிரேஸ்
மார்ச் 16, 2025

அன்புள்ள வல்லி,

இங்கே ஓட முடியாது, நடைபாதையில் பனி இறுகிக் கிடக்கிறது. வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். கீழ்வீட்டு பாலாம்பிகை ஆன்ட்டி நேற்று மேலே வந்தே கேட்டுவிட்டார், "பிள்ளை, ஏன் நெடுகலும் நடந்துகொண்டு திரியிறீர்? சுகமில்லையோ?" என்று. இந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. வாடகைக்கு இருக்கும் என்னை மகள் போலத்தான் நடத்துகிறார், சில நாள் அது தொந்தரவாகவும் இருக்கும்.

அவர் கையில் போன். "இந்த விளையாட்டுப் பெட்டையின்ர வீடியோ பாத்தனீரோ? பாட்டுப் போடாம ஒண்டு வந்திருக்கு. பின்னால ஒருத்தி தமிழில கத்துறாள்" என்றார்.

இத்தனை நாள் சுற்றியதெல்லாம் பியானோ இசை சேர்த்தது. யாரோ மூல வீடியோவைச் சத்தத்தோடு போட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே ஒரு ஆங்கிலக்காரர், "தோழிக்காகக் கோல்கீப்பர் பதறி அழுகிறாள்" என்று எழுதியிருக்கிறார். ஆன்ட்டிக்கு ஒரு தடவை கேட்டதே போதும். "படு, காலைப் பிடிச்சுக்கொண்டு படு எண்டெல்லோ கத்துறாள். நடிக்கச் சொல்லுறாள் போல" என்றார். பிறகு படத்தைப் பெரிதாக்கினார். என்னைப் பார்த்தார். "உது நீரோ?"

ஆமாம் என்றேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். "நான் ஆருக்குச் சொல்லப் போறன்? பேந்து ஒரு நாளைக்கு நீரே சொல்லுவீர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜப்பான் பெண்களுக்குப் புரியாது என்ற தைரியத்தில் நீ தொண்டை கிழியக் கத்தினாய். உலகத்தில் கோடிக்கணக்கில் தமிழர்கள் இருப்பது நம் இருவருக்கும் மறந்துவிட்டது. நல்லவேளை, சத்தத்தோடு இருப்பதை இதுவரை சில ஆயிரம் பேர்தான் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று. விழுந்த பெண் இப்போது கனடாவில் இன்ஜினியர் என்று பெயரோடு பத்திரிகைக்குச் சொன்னது நீதானே? மாண்ட்ரியலை ஒட்டிய கர்க்லாண்டில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பள்ளி நடத்தும் ஷெரோன் என்பவர் அதை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். மே மாதம் நட்சுகோ அங்கே இரண்டு வாரம் பயிற்சி கொடுக்க வருகிறாள். பதினேழாம் தேதி சனிக்கிழமை நாங்கள் இருவரும் மேடையில் சந்திக்க வேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். அவளிடம் சொல்லிவிடத்தான் ஒப்புக்கொண்டேன்.

மேடையில் வேண்டாம், தனியாகச் சொல்கிறேன். ஆனால் நீ சரி என்று சொல்லாமல் சொல்ல மாட்டேன். அது உன் கழுத்தும்தான்.

உன்
பார்கவி


கடலூர்
ஏப்ரல் 6, 2025

பார்கவி,

வேண்டாம்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுதப் போனேன், விழுவது உன் வேலை என்பதால் நிறுத்திக்கொண்டேன். சிரித்தாயா? நான் சிரிக்கவில்லை. மூன்று நாளாகத் தூங்கவில்லை.

ஜூன் மாதம் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஐந்து பேர் பட்டியலில் இருக்கிறார்கள், செந்தாமரைதான் முதல் பேர். இந்த நேரத்தில் அவர்களுடைய கோச் ஏமாற்றுக்காரி என்று ஒரு பேச்சு வந்தால் என்ன ஆகும் என்று நான் உனக்கு விளக்க வேண்டுமா? அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதை ஊரில் நான்கு பேர் கேட்டபோது, "அந்த டீச்சரம்மா சரியான ஆளு" என்ற ஒரே வார்த்தையில் வாயை அடைத்தவர். அந்த வார்த்தையில்தான் என் பிழைப்பு நிற்கிறது.

நீ சொல்லிவிட்டு உன் வேலைக்குப் போய்விடலாம். உன் பேனாட் இரண்டு நாள் பேசமாட்டார், அவ்வளவுதான். நான் மறுநாள் காலை ஐந்தரைக்கு அதே மைதானத்தில் நிற்க வேண்டும்.

மேடையில் சிரி. கட்டிப்பிடி. எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன் என்று சொல். அவளும் சந்தோஷமாகத் திரும்பிப் போகட்டும். எனக்காக இதை ஒரு தடவை செய். பன்னிரண்டாம் வகுப்பில் உனக்காக உன் வீட்டில் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்.

வல்லி


கடலூர்
மே 5, 2025

அன்புள்ள பார்கவி,

போன கடிதத்தில் எழுதியதை மறந்துவிடு. நட்சுகோவிடம் சொல்லிவிடு. ஏன் என்று சொல்கிறேன்.

முந்தாநாள் நெய்வேலியில் ஒரு ஆட்டம். இரண்டு பக்கமும் ஒரு கோல். எதிரணிப் பெண் ஒருத்தி செந்தாமரையைத் தாண்டி எங்கள் கோலை நோக்கிப் போனாள். செந்தாமரை காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நான் பதறி எழுந்துவிட்டேன். நெய்வேலிப் பெண் நின்றாள், பந்தை வெளியே அடித்தாள், ஓடி வந்தாள். நம் பிள்ளைகள் பந்தை உள்ளே எறிந்து நேராகக் கொண்டுபோய்க் கோல் போட்டார்கள். ஆட்டம் முடிந்து செந்தாமரை என்னிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் பல். "அக்கா, நீங்க சொல்றதுக்கு முன்னாடியே படுத்துட்டேன்" என்றாள்.

வேனில் வரும்போது கேட்டேன். மார்ச்சிலேயே சத்தத்தோடு பார்த்துவிட்டார்களாம். முப்பத்தினாலு பேருக்கும் தெரியுமாம். நான் சங்கடப்படுவேன் என்று என்னிடம் கேட்கவில்லையாம். மாலையில் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, வரிசையாக நின்று விழுந்து பழகியிருக்கிறார்கள், பார்கவி. யார் விழுவது நிஜம் போல இருக்கிறது என்று போட்டி வைத்திருக்கிறார்கள்.

நான் அவர்களைத் திட்டவில்லை. எந்த வாயால் திட்டுவது?

நட்சுகோவுக்கு ஒரு கடிதம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். எனக்குத் தமிழில்தான் எழுத வந்தது, நீ படித்து ஆங்கிலத்தில் சொல்லிவிடு. நான் கத்தியது, பந்தைத் திருப்பிக் கொடுக்கவிடாமல் செய்தது, கோப்பையோடு போட்டோ எடுத்துக்கொண்டது, எல்லாம் எழுதியிருக்கிறேன். உன் பங்கை நான் எழுதவில்லை. அதை நீ உன் வாயால் சொல்வதுதான் முறை.

பிள்ளைகளின் வீட்டில் பேச்சு வரும். வரட்டும். போன் செய்யலாம் என்று உன் எண்ணை எடுத்தேன், உன் குரலைக் கேட்டால் மறுபடியும் "வேண்டாம்" என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து வைத்துவிட்டேன். விரைவுத் தபாலில் போடுகிறேன். பதினேழாம் தேதிக்கு முன் வந்துவிடும்.

உன்
வல்லி


நோத்ர-டாம்-த-கிரேஸ்
மே 18, 2025

வல்லி,

நீ கேட்டதைச் செய்துவிட்டேன்.

நேற்று ஷெரோனின் பள்ளி உள்ளரங்கில் இருநூறு பிள்ளைகள், பெற்றோர்கள், மூன்று கேமரா. நட்சுகோ வீடியோவில் தெரிவதைவிடக் குள்ளம். முழங்காலில் பட்டை போட்டிருக்கிறாள், படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கிறாள். என்னைப் பார்த்ததும் வளைந்து வணங்கினாள், எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நானும் குனிந்து அவள் தலையில் முட்டிக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் ஏப்ரல் கடிதம் என் கைப்பையில் இருந்தது.

"எந்தக் கால்?" என்று கேட்டாள். இடது கால் என்றேன். எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு என்றேன். ஒரு சொல்கூடத் தடுக்காமல் வந்தது. வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தேன், நான் பிடித்துக்கொண்டிருந்தது வலது கால். இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை. இதை எழுதும்போதும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

இதைக் கேள். நான் அப்படிச் சொன்னதும் அவள் அழுதாள். மேடைக்காக அழவில்லை, மைக்கைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அந்தத் தோல்விக்காக அவளுடைய கோச் அவளை ஒரு வருடம் முழுக்க ஆடவிடாமல் உட்கார வைத்தாராம். "அந்தப் பெண் உன்னை ஏமாற்றிவிட்டாள்" என்று தினமும் சொல்வாராம். இவள், "இல்லை, கையில் பிடித்துப் பார்த்தேன், கால் கொதித்தது" என்று தினமும் பதில் சொல்வாளாம். அந்த ஒரு வருடத்தில் மற்றவர்கள் முன்னே போய்விட்டார்கள், தேசிய அணி வாய்ப்பு அவளுக்குத் திரும்பி வரவே இல்லை. "பதினான்கு வருடமாக எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. இன்றோடு தீர்ந்தது" என்றாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வருகிறது, வல்லி. இனிமேல் உண்மையைச் சொன்னாலும் அவளிடமிருந்து ஏதோ ஒன்றைப் பிடுங்குவதாகத்தான் ஆகும். நீ நிம்மதியாகத் தூங்கு.

பார்கவி


நோத்ர-டாம்-த-கிரேஸ்
மே 31, 2025

அன்புள்ள வல்லி,

உன் மே ஐந்தாம் தேதிக் கடிதம் பதினான்காம் தேதியே இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. முகவரியில் மேல்வீட்டு எண்ணை எழுத மறந்துவிட்டாய். அது ஆன்ட்டியின் பெட்டிக்குள் கிடந்தது, ஆன்ட்டி டொராண்டோவில் மகள் நிரஞ்சனி வீட்டில் இருந்தார். இருபத்திரண்டாம் தேதி வந்து கொடுத்தார். சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். உன்னைத் திட்டி எழுதியதற்கு மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை கர்க்லாண்ட் போனேன். நட்சுகோ ஷெரோன் வீட்டில் தங்கியிருந்தாள். மொழிபெயர்ப்பாளர் இல்லை, நிறுத்தி நிறுத்திப் பேசினால் ஆங்கிலம் புரிகிறது அவளுக்கு. பின்கட்டில் இருவர் மட்டும் உட்கார்ந்தோம். உன் கடிதத்தை வரி வரியாகச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. நீ கத்தியது, பந்தை முன்னாடி போடச் சொன்னது, கோப்பையோடு எடுத்த போட்டோ, நெய்வேலி ஆட்டம், எல்லாம்.

அவள் முகம் வீடியோவில் வரும் முகம் இல்லை. சமையலறையில் சிரிக்கிறாளே, அந்தப் பெண்ணையே காணோம். தாடை இறுகிவிட்டது. "அப்படியானால் உங்கள் கால்?" என்று கேட்டாள்.

இப்போது என் முறை. இதற்காகத்தானே ஜனவரியிலிருந்து உன் உயிரை எடுத்தேன்.

"விழுந்தபோது நிஜமாகவே விரிசல் விட்டுவிட்டது" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மேடையில் கட்டிப்பிடித்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது, அவள் என்னை அந்தக் கண்ணால் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் என் தோளில் கை வைத்து, "அப்போது உங்களையும்தான் அந்தக் கோல்கீப்பர் கெடுத்திருக்கிறாள்" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஷெரோன் தேநீர்த் தட்டோடு வந்துவிட்டார். வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதே.

கிளம்பும்போது உன் கடிதத்தை வைத்துக்கொள்ளலாமா, மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டாள். வல்லி ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று சொன்னேன்.

நேற்று அவள் விமானம் ஏறிவிட்டாள். எழுதுகிறேன், அவளுக்குக் கட்டாயம் எழுதுகிறேன். கொஞ்சம் ஆறட்டும். நீ ஏதாவது எழுது. நீ எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

உன்
பார்கவி


கடலூர்
ஜூன் 24, 2025

பார்கவி,

உன் இரண்டு கடிதமும் வந்தன. ஒன்றைப் படித்து முடித்த ஒன்பதாம் நாள் மற்றது.

ஜூன் ஏழாம் தேதி நட்சுகோ முழு ஆட்டத்தையும் சத்தத்தோடு போட்டாள், கீழே என் கடிதத்தையும். நீ பார்த்திருப்பாய். என் பெயரை ஜப்பான் மொழியில் எப்படித் திட்டுவார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும், பிள்ளைகள் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினார்கள். உள்ளூர்ப் பேச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. காலை ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முப்பத்தினாலு பேரில் பதிமூன்று பேர் வருகிறார்கள். கோப்பையை நானே பழைய புடவையில் சுற்றிப் பார்சல் கட்டி அவளுடைய பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். மாவட்ட அணிக்கு நம் பிள்ளைகளில் ஒருத்தியும் எடுக்கப்படவில்லை. செந்தாமரை யாரையோ கேட்டு நெய்வேலிப் பெண்ணின் நம்பரை வாங்கிப் போன் செய்து, "நான் சும்மாதான் விழுந்தேன்" என்று சொல்லிவிட்டாள். நான் சொல்லச் சொல்லவில்லை. அந்தப் பெண் போனை வைத்துவிட்டாளாம், இவள் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் ஐந்தரைக்கு முதல் ஆளாக மைதானத்துக்கு வெளியே ரோட்டில் நின்றாள். இப்போது கடற்கரையில் ஓடுகிறோம்.

இதெல்லாம் நடக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். இதற்காக உன் மேல் கோபம் இல்லை என்று எழுதி மூன்று தாள் கிழித்தேன். உன் மேல் கோபம் இல்லாமல் இல்லை. அதைச் சொல்லத்தான் இது.

நட்சுகோ எனக்கு நேராகவே ஒரு கடிதம் எழுதினாள். சென்னையில் யாரோ தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் உண்மையைச் சொன்னதற்கு நன்றி, மன்னிக்க இப்போது முடியவில்லை, முடிந்தால் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாள். நேர்மையான பெண். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கடைசியில் ஒரு வரி: "உங்களால் அந்தத் தோழிக்குக் காலில் அடிபட்டது. என்னிடம் கேட்டது போதும், அவரிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேளுங்கள்."

உன்னிடம், பார்கவி.

ஜனவரியிலிருந்து உறுத்துகிறது உறுத்துகிறது என்று எனக்கு எழுதியவள் நீ. எனக்கு உறுத்தவில்லை, நான் அப்படித்தான் இருந்தேன். பிறகு உறுத்தியது, சொன்னேன். உன்னை நம்பித்தான் உன் வரியை எழுதாமல் விட்டேன். இந்தத் தடவையும் நான்தான் கத்தியிருக்கிறேன், நீ படுத்துக்கொண்டுவிட்டாய்.

நான் அவளுக்கு மறுத்து எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். அதை எழுத வேண்டியவள் நீ.

எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது, மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

சௌந்தரவல்லி